தண்ணீர் டியூப்

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் இறால் வளர்ப்போர் கூட்டம் ஒன்று நடந்தது. சோதனைக் கிட் விற்க வந்திருந்த ஒருவர் மேசைமேல் ஒரு சின்னச் சூடாக்கும் பெட்டியை வைத்து, அதில் எட்டு டியூப்களைச் செருகிக் காட்டி, "இதுக்கு லேபே வேண்டாம். ஒரே சூடு, அரை மணி நேரம். குட்டைக் கரையிலேயே வைரஸைக் கண்டுபிடிக்கலாம். ரோஸ் நிறம் மஞ்சளானா நோய் இருக்கு, அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சொன்ன வேதியியலில் பொய் ஒன்றும் கிடையாது. அந்த முறையை வைத்துத்தான் நான் ஐந்து வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் "லேபே வேண்டாம்" என்ற அந்த வார்த்தை வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் என்னை விடவில்லை. அதே வார்த்தையை நம்பி நான் ஒரு மனிதருக்குச் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதை எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை எழுதிவிடுகிறேன்.

இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸ் நோயைப் பற்றி இந்தக் கடற்கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1994 வாக்கில் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் டைகர் இறால் பண்ணைகளை அது எப்படிப் புரட்டிப்போட்டது என்று அப்பா காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 2009-க்குப் பிறகு டைகர் இருந்த இடத்தில் வனாமி என்ற வேறு இன இறால் வந்தது. பயம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. நோய் புகுந்த குட்டையில் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் அத்தனை இறாலும் செத்துப்போகலாம். மருந்து கிடையாது. வனாமியில் பல நேரம் அந்த வெள்ளைப் புள்ளி கண்ணுக்குத் தெரிவதுகூட இல்லை. தீனி தின்கிறதா என்று பார்க்க வைக்கும் செக் ட்ரேயில் தீனி மிஞ்சும், இரண்டு இறால் கரையோரம் வந்து மந்தமாக நிற்கும், அப்புறம் எல்லாம் வேகமாக நடந்துவிடும். ஆகவே விவசாயியின் கையில் இருப்பது இரண்டே வழிதான். ஒன்று, சோதித்த குஞ்சை மட்டும் விடுவது. இல்லையென்றால், வந்துவிட்டது என்று தெரிந்த உடனே, சாவதற்கு முன்னால் பிடித்து விற்றுவிடுவது. வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை செய்ய மாதிரியை வெளியூருக்கு அனுப்பி, ரிப்போர்ட் வருவதற்குள் இரண்டாவது வழியும் அடைபட்டுவிடும். நான் வேலை பார்க்கும் சின்ன ஆய்வகத்தில் பிசிஆர் மெஷின் கிடையாது. அதனால்தான் நாங்கள் லேம்ப் என்ற முறைக்கு வந்தோம், அந்தக் கிட் விற்றவர் காட்டியதும் இதே முறைதான்.

ஒரே சூட்டில் நடக்கும் வேலை

பிசிஆர் என்பது சூடேற்றி இறக்கும் வேலை. டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் பிரிக்க 95 டிகிரி, நகல் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சின்ன டிஎன்ஏ துண்டான பிரைமர் வந்து ஒட்ட 55 அல்லது 60, நகல் எடுக்க 72. இந்தச் சுற்று 30 தடவை நடந்தால், கணக்குப்படி ஒரு பிரதி 100 கோடியைத் தாண்டிவிடும். கேரி முல்லிஸுக்கு 1993-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த யோசனை இது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சூட்டைத் துல்லியமாக ஏற்றி இறக்க ஒரு மெஷின் வேண்டும். அந்த மெஷினுக்கு நிலையான கரண்ட் வேண்டும், குளிர்சாதன அறை வேண்டும்.

ஜப்பானில் எய்கென் கெமிக்கல் நிறுவனத்தில் நோதோமியும் அவரது கூட்டாளிகளும் 2000-ல் வெளியிட்ட லேம்ப் முறை, இந்த ஏற்ற இறக்கத்தையே எடுத்துவிட்டது. வெந்நீர் ஊற்றுகளை விரும்பும் ஒரு பாக்டீரியா குடும்பத்திலிருந்து எடுத்த பிஎஸ்டி என்ற என்சைம்தான் இதன் உயிர். மற்ற பல நகல் என்சைம்களுக்கு, எதிரே பழைய இழை ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதற்காகத்தான் 95 டிகிரியில் முதலில் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது. பிஎஸ்டி அப்படி நிற்காது. வாழை மட்டையிலிருந்து நார் உரிப்பதுபோல, பழைய இழையை உரித்துத் தள்ளிக்கொண்டே புது இழையைப் போட்டுக்கொண்டு போகும். பிரிக்கும் வேலையும் நகலெடுக்கும் வேலையும் ஒன்றாகிவிட்டதால் 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே சூடு போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பிரைமர் வடிவமைப்பு. நான்கு பிரைமர்கள், தேடும் டிஎன்ஏவில் ஆறு இடங்களை அடையாளம் பார்க்கின்றன. அவற்றில் நீளமான இரண்டு பிரைமர்களுக்கு வால் பகுதி ஒன்று உண்டு. நகல் வளர்ந்ததும் அந்த வால் திரும்பி வளைந்து தன் இழையிலேயே ஒட்டிக்கொண்டு ஒரு வளையம் ஆகிவிடும். இரண்டு முனையிலும் வளையம் உள்ள ஒரு சின்னத் துண்டு உருவானதும், அப்புறம் அதை யாரும் தூண்ட வேண்டியதில்லை. வளையத்திலிருந்து நகல், அந்த நகலில் மேலும் வளையம், அதிலிருந்து இன்னும் நீளமான நகல் என்று காலிஃபிளவர் பூ மாதிரி கிளைத்துக்கொண்டே போகும். 2002-ல் வளையத்துக்கென்றே தனியாக இரண்டு பிரைமர்களைச் சேர்த்ததும் நேரம் இன்னும் குறைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் 100 கோடி மடங்கு. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தக் குடும்பத்தில் லேம்ப் மட்டும் இல்லை. ஆர்என்ஏவைத் தேடுவதற்கு நாஸ்பா என்ற முறை 1991-லேயே வந்தது. மூன்று என்சைம்கள், 41 டிகிரி. 2006-ல் வந்த ஆர்பிஏ முறைக்கு 37 முதல் 42 டிகிரி போதும். ஒரு வைரஸ் பாக்டீரியாவுக்குள் தன் டிஎன்ஏவைப் பெருக்கப் பயன்படுத்தும் புரதங்களைக் கடன் வாங்கி, பிரைமரே இழைக்குள் புகுந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். டியூபை உடம்போடு வைத்துக் கட்டி, உடம்புச் சூட்டிலேயே இதை நடத்திக் காட்டியவர்களும் உண்டு. கொரோனா காலத்தில் இவையெல்லாம் வரிசையாக வெளியே வந்தன. அமெரிக்காவில் சில நிமிடங்களில் முடிவு சொன்ன சின்னப் பெட்டி இந்த வகைதான். 2020 ஏப்ரலில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் அறிவித்த சோதனையும் லேம்ப்தான்.

நிறம் மாறுவது எப்படி என்று விவசாயிகள் அடிக்கடி கேட்பார்கள். நகலில் டிஎன்ஏவின் ஒவ்வொரு எழுத்து, அதாவது ஒவ்வொரு அலகு, சேரும்போதும் ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியே வரும். கோடிக்கணக்கில் எழுத்துகள் சேரும்போது கரைசல் புளித்துப்போகிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த பீனால் ரெட்தான் உள்ளே இருக்கும் சாயம். காரத்தில் ரோஸ், புளிப்பில் மஞ்சள். அமிலத்தை விழுங்கிக்கொள்ளும் பஃபரை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள், அப்போதுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். அதனாலேயே டியூபை வெகுநேரம் திறந்துவைத்தால், அல்லது உலர் பனிக்கட்டியோடு சேர்த்து அனுப்பினால், கார்பன் டை ஆக்சைடு கரைந்தே நிறம் மங்க ஆரம்பித்துவிடும். வேறு சாயங்களும் உண்டு. ஊதா வெளிர் நீலமாவது ஒன்று, ஆனால் அந்த வித்தியாசத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். ரோஸும் மஞ்சளும் யார் பார்த்தாலும் தெரியும். அந்தத் தெளிவுதான் என்னை மயக்கியது என்று இப்போது நினைக்கிறேன். அவ்வளவு அழகான ஒரு மஞ்சள் தவறாக இருக்கும் என்று மனம் ஒப்புக்கொள்வதில்லை.

அந்த வியாழக்கிழமை

அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். மூன்று குட்டை வைத்திருந்தார். குஞ்சு விட்டு 55 நாள் ஆகியிருந்தது. தீவனத்தையெல்லாம் டீலரிடம் கடனில் எடுத்திருந்தார், இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஒரு குட்டையில் இரண்டு நாளாகத் தீனி மிஞ்சுகிறது என்று மூன்று குட்டையிலிருந்தும் இறால் கொண்டுவந்தார். அன்றைக்கு வேறு இரண்டு பண்ணைகளிலிருந்தும் நான்கு மாதிரிகள் வந்திருந்தன. ஆக மொத்தம் ஏழு. எங்களிடம் இருந்தது எட்டு டியூப் கொண்ட பட்டை. வழக்கமாக ஆறு மாதிரி போடுவேன். ஏழாவது டியூபில் வைரஸ் டிஎன்ஏ, அது மஞ்சளாக வேண்டும். எட்டாவதில் மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர், அது ரோஸாகவே இருக்க வேண்டும். அன்றைக்கு ஏழு மாதிரி என்பதால் தண்ணீரை விட்டுவிட்டேன். இன்னொரு பட்டை போட்டிருக்கலாம். ஒரு மாதிரிக்காக இன்னொரு பட்டையை ஏன் வீணாக்குவது என்று தோன்றியது. தண்ணீரில் என்ன வரப்போகிறது என்றும் தோன்றியது. இரண்டும்தான் உண்மை.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் எடுத்துப் பார்த்தேன். நான்கு மாதிரிகள் ரோஸ். அண்ணனுடைய ஒரு குட்டை ரோஸ், இரண்டு குட்டை பளிச்சென்று மஞ்சள். அவர் வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். டியூபைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, உறுதியா சொல்றீங்களா?" என்று கேட்டார். "மஞ்சள் தெளிவா இருக்கு அண்ணே" என்றேன். அவர் கேட்டதும் நான் சொன்னதும் வேறு வேறு விஷயம் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. அவர் உறுதியைக் கேட்டார், நான் நிறத்தைச் சொன்னேன்.

அன்றிரவே ஏஜென்டைக் கூப்பிட்டு, விடியற்காலை இரண்டு குட்டையையும் பிடித்துவிட்டார். மீதி இருந்த குட்டைக்கும் பரவிவிடுமோ என்று மறுநாள் அதையும் பிடித்தார். நாற்பது கவுண்டுக்கு, அதாவது கிலோவுக்கு நாற்பது இறால் என்ற அளவுக்கு, வரவேண்டிய இறால் 110 கவுண்டில் போனது. அவசரப் பிடிப்பு என்று தெரிந்தால் வாங்குகிறவர் விலையை இன்னும் இறக்குவார் என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை வேறொரு சோதனை ஓட்டம். நான்கு மாதிரிதான் வந்திருந்தது. இடம் இருந்ததால் தண்ணீரும் போட்டேன். முப்பதாவது நிமிடத்தில் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால், கடைசி டியூப் மஞ்சள். முதலில் வரிசையை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். நோட்டில் பார்த்தேன், மாற்றவில்லை. மறுபடியும் ஓட்டினேன், இந்தத் தடவை நான்கு டியூபிலும் வெறும் தண்ணீர். மூன்று மஞ்சளானது. இன்றைக்கும் அந்த மூன்று டியூப் கண்ணை மூடினால் வரும். அங்கே இறால் கிடையாது, குட்டை கிடையாது, வைரஸும் கிடையாது. நான் கடையில் வாங்கிய சுத்தமான தண்ணீர் மட்டும்தான். வியாழக்கிழமை போட்ட அண்ணனுடைய இறால்களில் மிச்சம் ஆல்கஹாலில் இருந்தது. அதைப் பிசிஆருக்கு அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது. மூன்று குட்டையிலும் வெள்ளைப்புள்ளி வைரஸ் இல்லை.

போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆய்வகத்தில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நான் போனேன். குட்டைகள் வற்றிப்போய்த் தரை வெடித்துக் கிடந்தது. கரையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வெறும் தண்ணியிலயே நோய் இருக்குன்னு உங்க டியூப் சொல்லுதுன்னா, அன்னிக்கு என் இறாலைப் பத்தி அது என்னதான் சொல்லுச்சு?" என்று கேட்டார். நான் படித்த புத்தகங்களில் நெகட்டிவ் கண்ட்ரோல், அதாவது அந்தத் தண்ணீர் டியூப், எதற்கு என்று இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

எங்கிருந்து வந்தது

அடுத்த மூன்று வாரம் நான் வேறு எதையும் செய்யவில்லை. தண்ணீரை மாற்றினேன், மஞ்சள். என்சைமைப் புது லாட்டில் வாங்கினேன், மஞ்சள். பிரைமரைப் புதிதாக வரவழைத்துக் கரைத்தேன், மஞ்சள். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே 25, 30 நிமிடத்தில். கடைசியில் ஒரு யோசனை வந்தது. கலவைக்கு வேண்டிய வேதிப்பொருள்களான ரீஏஜென்ட் முழுவதையும் திறக்காமல் புதிதாக, மீன் ஏற்றும் வண்டிக்காரர் கொடுத்த ஐஸில் வைத்து, ஆய்வகத்துக்கு வந்தே இராத ஒரு நண்பனின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். துளித்துளியாக அளந்து விடும் பைபெட்டைக் கல்லூரியில் வேலை பார்க்கும் இன்னொரு நண்பனிடம் இரவல் வாங்கினேன். குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, தீயைக் கூட்டியும் குறைத்தும் 65 டிகிரியில் நிறுத்தினோம். நண்பனின் அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். நான்கு டியூப், நான்கிலும் தண்ணீர்.

முப்பது நிமிடம், ரோஸ். நாற்பது நிமிடம், ரோஸ். அறுபது, ரோஸ். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இன்னும் விட்டுப் பார்ப்போம் என்று விட்டதில், எழுபத்தைந்தாவது நிமிடம் வாக்கில் ஒரே ஒரு டியூப் மெல்ல மஞ்சள் பக்கம் போனது. அது வேறு நோய். ஒரு டியூபில் ஆறு பிரைமர்கள் ஏராளமாக நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. தேடியது கிடைக்காவிட்டால், நேரம் ஆக ஆக, அவை தங்களுக்குள்ளேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகலெடுக்கத் தொடங்கிவிடும். அது தாமதமாக வரும், ஒழுங்கில்லாமல் வரும். அதற்கு மருந்து, குறித்த நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு அதற்கு மேல் விடாமல் இருப்பதுதான். எங்கள் ஆய்வகத்தில் நடந்தது அது இல்லை. சீக்கிரமாக வந்தது, ஒரே நேரத்தில் வந்தது. அப்படியென்றால் அங்கே நிஜமாகவே வைரஸின் டிஎன்ஏ இருந்தது. குட்டையிலிருந்து வந்தது இல்லை, நான் பெருக்கிய டிஎன்ஏ.

இப்போது அந்த 100 கோடிக்கு வருகிறேன். லேம்ப் முடிந்த ஒரு டியூபில் 25 மைக்ரோலிட்டர் இருக்கும், ஒரு சொட்டுகூடத் தேறாது. அதில் குறைத்துக் கணக்குப் போட்டு 100 கோடி நகல் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோலிட்டரில் நான்கு கோடி. அந்த மைக்ரோலிட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கிலும் 40,000. டியூபின் மூடியை "டக்" என்று திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் போகிற தெறிப்பு இந்த அளவுதான். அது மேசைமேல் இறங்கும், பைபெட்டின் உட்புறம் ஒட்டும், சட்டைக் கையில் ஒட்டும். லேம்புக்குச் சில பத்து நகல்கள் இருந்தாலே மஞ்சளாகிவிடும். மாதிரியில் ஒளிந்திருக்கும் சில நகல்களை விடாமல் பிடிக்கும் அதே கூர்மைக்கு, நேற்றைய டியூபிலிருந்து பறந்து வந்த நகல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எழுத்து அதே எழுத்துதானே.

நாங்கள் டியூபைத் திறந்தோமா? திறந்தோம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது திறந்தோம். லேம்ப் நகலை, நீளத்தைப் பொறுத்து டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால் ஏணிப்படி மாதிரி வரிசையாகக் கோடுகள் வரும், வெவ்வேறு நீளத்தில் வளையம் வளையமாக வளர்ந்திருப்பதால். பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். யாராவது பார்க்க வந்தால், மாணவர்கள் வந்தால், அதை ஓட்டிக் காட்டுவேன். புதுக் கலவை போடும் அதே மேசையில், அதே பைபெட்டால், தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, 100 கோடி நகல் உள்ள டியூபை ஆசையோடு திறந்திருக்கிறேன். முடிவு தெரிந்துவிட்ட டியூபை. அதைத் திறக்க எந்தத் தேவையும் இருந்ததில்லை.

அறை

கிட் விற்றவர் சொன்னதில் என்னை உறுத்தியது இதுதான். பிசிஆர் ஆய்வகம் என்றால் எல்லோர் மனதிலும் மெஷின்தான் வரும். மெஷின் போய்விட்டால் ஆய்வகமும் போய்விட்டது என்று நினைக்கிறோம். ஆனால் நல்ல பிசிஆர் ஆய்வகத்தில் முக்கியமானது அதன் அறைகள். கலவை போடுவது ஓர் அறை, மாதிரியைச் சேர்ப்பது இன்னோர் அறை, பெருக்குவது மூன்றாவது. ஒவ்வோர் அறைக்கும் தனிப் பைபெட், தனிக் கோட்டு. பெருக்கிய அறைக்குப் போனவர் அன்றைக்குக் கலவை அறைக்குத் திரும்பி வரக்கூடாது. தீட்டு மாதிரி இருக்கிறதே என்று நான் படிக்கும்போது நினைத்ததுண்டு. இப்போது அதில் ஒரு விதியைக்கூட நான் மீறுவதில்லை. லேம்ப் அந்த மெஷினை எடுத்துவிட்டது. அறைகளின் தேவையை அது கொஞ்சமும் குறைக்கவில்லை. பிசிஆரைவிட ஏராளமாக நகல் விளைவதால் கூட்டித்தான் இருக்கிறது.

இதை முதலிலேயே புரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். காசநோய்க்கான லேம்ப் சோதனையை 2016-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. நுண்ணோக்கியில் சளியைப் பார்க்கும் பழைய முறை மட்டுமே உள்ள சின்ன மையங்களுக்காக. அந்தக் கிட்டில் ரீஏஜென்ட் எல்லாம் டியூப் மூடியின் உட்புறத்தில் காய்ந்த நிலையில் ஒட்டியிருக்கும். மாதிரியை விட்டு, மூடி, கவிழ்த்தால் கரையும். ஒளிர்கிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒரு தடவை மூடினால் பிறகு திறக்க வேண்டிய வேலையே கிடையாது. அந்தக் கிட்டை உருவாக்கியவர்கள் மூன்று அறையையும் மடித்து ஒரு மூடிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். எங்களைப் போலத் தனித்தனியாக என்சைம், பிரைமர், சாயம் வாங்கிக் கலந்துகொள்ளும் இடங்களுக்கு அந்த மடிப்பு கிடைப்பதில்லை. விலை மட்டும் குறைகிறது.

எங்கள் ஆய்வகத்தில் என்ன செய்தோம் என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேசை, ரேக், கதவுப் பிடி எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலால் துடைத்தோம், ஒரு தடவை இல்லை, பத்துப் பன்னிரண்டு தடவை. டிஎன்ஏவை உடைக்க ஆல்கஹாலால் ஆகாது, குளோரின்தான் வேண்டும். பழைய பைபெட்டைக் கலவை பக்கமே வரவிடவில்லை. பின்பக்கம் சாமான் போட்டிருந்த அறையைக் காலிசெய்து, விசிறியைக் கழற்றிவிட்டு, கலவை அங்கே மட்டும் என்று வைத்தோம். முடிந்த டியூபைத் திறக்காமலே இரண்டு பையில் கட்டி வெளியே அனுப்புகிறோம். இப்போது வாங்கும் கலவையில் டிஎன்ஏவின் டி எழுத்து வரும் இடங்களில் யு எழுத்தைப் போட்டு நகலெடுக்கிறோம். அடுத்த ஓட்டத்தில் முதலில் ஒரு என்சைம் யு உள்ள பழைய நகல்களை எல்லாம் வெட்டிப்போட்டுவிட்டு, சூடு ஏறியதும் தானே செயலிழந்துவிடும். இறாலிலிருந்து வரும் வைரஸில் யு கிடையாது, ஆகவே அது பிழைத்துக்கொள்ளும். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். செலவு கூடத்தான் செய்கிறது. எட்டில் ஆறு மாதிரி என்று இருந்ததும் இப்போது ஐந்து மாதிரி, இரண்டு தண்ணீர் ஆகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் கிட் விற்றவரிடம் போய், "சார், இந்த எட்டில் தண்ணீருக்கு ஒரு டியூப் உண்டா?" என்று கேட்டேன். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்படி வைத்தால் ஒரு மாதிரிக்கான செலவு கூடும், விவசாயி ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். அவர் நல்ல மனிதர்தான், கோபம் இல்லை. ஆனால் குட்டைக் கரையில் தனியாக நின்று, காற்றில் மூடி திறந்து, மஞ்சளைப் பார்த்து, அன்றிரவே ஏஜென்டைக் கூப்பிடப்போகிறவர் அந்த விவசாயிதான். நோயைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. வெறுங்குட்டையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் கோடை

அண்ணன் ஒரு பருவம் குஞ்சு விடவில்லை. அதற்கடுத்த பருவம் விட்டார். இந்தக் கோடையில், நாற்பத்தெட்டாவது நாள், ஒரு காலையில் ஐஸ் பெட்டியோடு ஆய்வக வாசலில் வந்து நின்றார். நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் வேறு ஆய்வகம் இல்லையா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இறாலை வாங்கி, நீச்சல் காலில் துணுக்கு நறுக்கி, பின்பக்க அறையில் கலவை போட்டு, முன்னறையில் மாதிரி சேர்த்து, பெட்டியில் வைத்தேன். அவர் இந்தத் தடவை வாசலில் உட்காரவில்லை. பெட்டிக்கு எதிரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தண்ணி டியூப் எது தம்பி?" என்றார். கடைசி இரண்டைக் காட்டினேன்.

முப்பத்தைந்து நிமிடமும் அவர் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை ரோஸாகவே இருந்தன. அவருடைய இரண்டாம் குட்டை டியூப் இருபத்திரண்டாவது நிமிடத்திலேயே மாறத் தொடங்கிவிட்டது. முழு மஞ்சளானதும் நான் ஒன்றும் சொல்லவில்லை, புது மாதிரியில் மறுபடி ஓட்டினேன். மறுபடியும் தண்ணீர் ரோஸ், குட்டை மஞ்சள். பிசிஆருக்கும் ஆள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுங்க அண்ணே, ஆனா ஏஜென்டுக்கு இப்பவே சொல்லிவைங்க, மதகை மட்டும் திறக்காதீங்க" என்றேன். மறுநாள் பதினொரு மணிக்குப் பதில் வந்தது. வைரஸ் இருந்தது.

அன்று மாலை அந்த ஒரு குட்டையை மட்டும் பிடித்தார். தண்ணீரை வாய்க்காலில் விடவில்லை. அதே வாய்க்காலில்தான் கீழே இன்னும் பதினேழு குட்டைக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரை இறக்கி, கரையைச் சுற்றி நடந்து இரண்டு ஆட்களோடு அவரே போட்டுக்கொண்டிருந்தார். நானும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டையைப் பிரித்தேன். என் மேசையைத் துடைத்த நாட்களில் கையை விட்டுப் போகாமல் இருந்த அதே நெடி.